ஜோகூரில் ஆலை கட்டினால் பாலத்தில் லோரி குறையுமா?

கேள்வி, 11 ஜனவரி 2025

இந்த மாதம் 7ஆம் தேதி ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான ஒப்பந்தம் புத்ராஜெயாவில் கைமாறியது. வணிகமும் பெருகும், முதலீடும் பெருகும் என்று எல்லாரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். எனக்கு இது பொருந்தவில்லை. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று மலேசிய மாநிலமான ஜோகூரிலேயே ஆலை கட்டிவிட்டால், அதுவரை இரண்டையும் இணைக்கும் பாலம் கடந்து போன சரக்கு இனிப் போகத் தேவையில்லை அல்லவா? முதலீடு கூடினால் வணிகம் குறையத்தானே வேண்டும்?

12 ஜனவரி 2025

இதையே 1957இல் பொருளியலாளர் ராபர்ட் முண்டெல் கணக்குப் போட்டுக் காட்டினார். சுங்க வரி சரக்கை மறித்தால், மூலதனம் அந்த வேலியைத் தாண்டிப் போய்ப் பொருளை அங்கேயே செய்யும். ஆகவே ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்பது அவர் முடிவு. ஏட்டளவில் அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நாடு ஒரு பொருளை முழுதாகச் செய்கிறது. ஜோகூருக்கு வந்தவை முழு ஆலைகள் அல்ல. ஓர் ஆலையின் ஓர் அறை மட்டுமே.

நான் 1991 முதல் 2008 வரை ஜோகூர் பாருவுக்கு வெளியே, தெப்ராவ் பக்கம், ஒரு சிங்கப்பூர் நிறுவனத்தின் தொழிற்சாலையில் ஏற்றுமதி இறக்குமதிப் பத்திரங்களை எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். தொலைபேசிக் கருவிக்கான பிளாஸ்டிக் உறைகளை வார்த்து, பிறகு கருவியைப் பூட்டி அனுப்புவது எங்கள் வேலை. பிளாஸ்டிக் குருணை சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கி லோரியில் எங்களிடம் வரும். நாங்கள் வார்த்த உறை சாயம் பூசுவதற்காகச் சிங்கப்பூர் போகும். சாயம் பூசிய உறை மின்சுற்றுப் பலகையோடு சேர்ந்து திரும்பி வரும். பூட்டி முடித்த கருவி கப்பல் ஏறுவதற்காக மறுபடியும் சிங்கப்பூர் போகும். ஒரே பிளாஸ்டிக் நான்கு முறை பாலம் கடந்தது. ஒவ்வொரு முறையும் அதன் முழு மதிப்பும், அதாவது முந்தைய கடப்புகளில் ஏற்கெனவே எழுதிய மதிப்பும் சேர்த்து, மலேசியச் சுங்கத்தின் கே-1 படிவத்தில் இறக்குமதியாகவோ கே-2 படிவத்தில் ஏற்றுமதியாகவோ என் கையால் பதிவானது.

அந்த ஆலை ஜோகூருக்கு வராமல் இருந்திருந்தால், குருணை சிங்கப்பூரில் இறங்கிச் சிங்கப்பூரிலேயே கருவியாகி அங்கிருந்தே கப்பல் ஏறியிருக்கும். பாலத்தில் ஒரு லோரியும் ஓடியிராது.

13 ஜனவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் உண்டு, அது கேள்வி கேட்டவருக்குச் சாதகமானது. பழைய சக ஊழியர் ஒருவர் நினைவூட்டினார்: 1994இல் சாயம் பூசும் கூடத்தையும் ஜோகூருக்கே கொண்டு வந்துவிட்டார்கள். அதன் பிறகு பிளாஸ்டிக்கின் கடப்பு நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தது. முதல் அறையை இடம் மாற்றியபோது வணிகம் பெருகியது. இரண்டாவது அறை வந்தபோது சுருங்கியது. முண்டெலுக்கு ஒரு புள்ளி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனாலும் லோரி குறையவில்லை. கூடம் வந்த பிறகு உற்பத்தி ஏறக்குறைய இரட்டித்தது. குமாஸ்தா மட்டும் நான் ஒருவனே.

19 ஜனவரி 2025

"கூலி மலிவு, அதனால் வந்தார்கள், இதில் ஆராய என்ன இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் பத்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1979இல் சிங்கப்பூர் அரசு திட்டமிட்டே கூலியை உயர்த்தி, கைவேலை மிகுந்த தொழில்களை வெளியே தள்ளத் தொடங்கியது உண்மைதான். ஆனால் எங்கள் நிறுவனம் அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் சிங்கப்பூரில்தான் இருந்தது.

அவர்களை அசைத்தது வேறு. வளரும் நாடுகளின் சரக்குக்கு அமெரிக்கா அளித்துவந்த பொது வரிச்சலுகையைச் சிங்கப்பூர், ஹாங்காங், தைவான், தென்கொரியா ஆகிய நான்கும் 1989 தொடக்கத்தில் இழந்தன. மலேசியாவுக்கு அது தொடர்ந்தது. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைத் தாண்டி வந்து கருவியைப் பூட்டினால், அதே கருவி அமெரிக்காவுக்குள் வரியின்றி நுழையும். நான் வேலையில் சேர்ந்தபோது முதலில் கற்றுக்கொண்ட காகிதமே அந்தச் சலுகைக்கான மூலச் சான்றிதழ், படிவம் ஏ. சான்றிதழில் ஒரு எழுத்து தவறினாலும் சிங்கப்பூரிலிருந்து மேலாளர் நேரில் வந்துவிடுவார். இயந்திரம் பழுதானால் தொலைபேசியில் பேசுவதோடு சரி.

அதே 1989 டிசம்பரில்தான் கோ சோக் டோங், அப்போது முதலாம் துணைப் பிரதமர், சிங்கப்பூரையும் ஜோகூரையும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளையும் இணைக்கும் வளர்ச்சி முக்கோணம் என்ற யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டு ரியாவின் பாத்தாம் தீவில் பாத்தாமிண்டோ தொழிற்பூங்கா எழத் தொடங்கியது. தலைவர்கள் முக்கோணத்தை வரைவதற்குள் ஆலைகள் அதன் ஒரு பக்கத்தைத் தாமே வரைந்திருந்தன என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் பாத்தாமுக்கு அது பொருந்தாது. அங்கே பூங்காவையும் மின்சாரத்தையும் கட்டிக் கொடுத்த பிறகுதான் ஆலைகள் போயின.

20 ஜனவரி 2025

மேலே எழுதியதை நானே மறுக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவும் 1997இல் அந்த அமெரிக்கச் சலுகையை இழந்தது. வரிச்சலுகைதான் காரணம் என்றால் எங்கள் ஆலை அந்த ஆண்டே மூட்டை கட்டியிருக்க வேண்டும். அது மேலும் பதினொரு ஆண்டுகள் ஓடியது. ஒரு காரணத்துக்காக வந்த ஆலை வேறொரு காரணத்துக்காகத் தங்குகிறது. அந்த இரண்டாவது காரணம் நாணயமாக இருக்கலாம். 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றத்தக்கதாக இருந்தன. நான் சேர்ந்த காலத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறத்தாழ 1.60 ரிங்கிட், 1998இல் ஆசிய நிதி நெருக்கடியின் நடுவே ரிங்கிட்டை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டபோது, 2.20க்கு மேல். கூலியை உயர்த்திக் கொடுத்தபோதும் சிங்கப்பூர்க் கணக்கில் எங்கள் கூலி குறைந்துகொண்டே போனது.

2 பிப்ரவரி 2025

வணிகப் புள்ளிவிவரத்தை நம்பிப் பேசுகிறவர்களுக்காக ஒரு கதை. எங்கள் தெருவிலேயே, கால் மைல் தூரத்தில், வேறொரு பன்னாட்டு நிறுவனத்தின் ஆலை இருந்தது. அவர்களுக்கு நாங்கள் சில காலம் மூடிகள் வார்த்துக் கொடுத்தோம். அவர்களுடைய கொள்முதல் அலுவலகம் சிங்கப்பூரில் இருந்தது. ஒப்பந்தமும் விலைப்பட்டியலும் சிங்கப்பூர் வெள்ளியில், சிங்கப்பூர்க் கிடங்கில் ஒப்படைப்பதாக எழுதப்பட்டிருந்தன. எங்களுக்கும் அது வசதியாகவே இருந்தது, ஏனென்றால் உரிமம் பெற்ற சுங்கக் கிடங்கு ஆலையாக, அதாவது மூலப்பொருளை வரியின்றி இறக்குமதி செய்யும் ஆலையாக, இயங்கிய நாங்கள் உற்பத்தியில் 80 விழுக்காட்டையாவது ஏற்றுமதி செய்தாக வேண்டும். ஆகவே மூடிகள் காலையில் எங்கள் வாசலில் லோரி ஏறி, பாலத்தின் சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸ் போய், கிடங்கில் ஓர் இரவு தூங்கி, மறுநாள் மாலை பாலத்தின் வழியே திரும்பி, எங்கள் வாசலைக் கடந்து பக்கத்து வாசலில் இறங்கும். லோரி ஓட்டுநர் போகும்போது எங்களுக்குக் கையசைப்பார், வரும்போதும் கையசைப்பார்.

மலேசியாவின் ஏற்றுமதி கூடியது. சிங்கப்பூரின் மறு ஏற்றுமதியும் கூடியது. நெருங்கிய பொருளாதாரங்களுக்கிடையே வணிகம் கொழிக்கிறது என்று யாராவது வரைபடம் காட்டினால் எனக்கு அந்த ஓட்டுநர்தான் நினைவுக்கு வருகிறார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2000இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு ஜோகூரின் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்துக்கு மாறியது. சில மாதங்களில் எங்கள் பெட்டிகளும் அந்த வழியே போகத் தொடங்கின. ஆலைக்குள் எதுவும் மாறவில்லை. அதே ஆட்கள், அதே அச்சுகள். ஆனால் என் கே-2 படிவங்களில் சேருமிடம் சிங்கப்பூர் என்று எழுதுவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

9 பிப்ரவரி 2025

"ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர்கள் வணிகம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்" என்ற கேள்விக்கு: தூரம் குறைந்தால் வணிகம் கூடும் என்று பொருளியலாளர் டின்பெர்கன் 1962இல் ஈர்ப்பு விசை போல ஒரு சூத்திரம் தந்தார், அது இன்றும் நிற்கிறது. ஆனால் ஜான் மக்கல்லம் என்ற பொருளியலாளர் 1995இல் கனடாவை ஆராய்ந்தபோது, ஒரே அளவும் தூரமும் உள்ள அமெரிக்க மாநிலத்தோடு செய்வதைப் போல 22 மடங்கு வணிகத்தைக் கனடிய மாகாணங்கள் தங்களுக்குள் செய்துகொள்வதாகக் கண்டார். மொழியும் சட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும், எல்லைக்கோடு அவ்வளவு தடிமனாக இருந்தது. எங்கள் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர். அதன் தடிமன் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி நேரம்.

16 பிப்ரவரி 2025

தண்ணீரை யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு 3 சென். முழு அளவையும் எடுத்தால் ஒரு நாளுக்கு 7,500 ரிங்கிட் ஆகிறது. சுத்திகரித்த நீரைச் சிங்கப்பூர் ஆயிரம் காலன் 50 சென்னுக்கு ஜோகூருக்குத் திருப்பி விற்கிறது. ஜோகூர் நாளொன்றுக்கு 1.6 கோடி காலன் வாங்கினால் 8,000 ரிங்கிட். அதாவது பண மதிப்பை மட்டும் பார்த்தால், இந்த வணிகத்தில் தண்ணீர் ஏற்றுமதி செய்யும் நாடு சிங்கப்பூர்!

50 சென் விலையில் சுத்திகரிக்கும் செலவே அடங்காது என்று சிங்கப்பூர்த் தரப்பு சொல்லும். 3 சென் 1962ஆம் ஆண்டு விலை என்று மலேசியத் தரப்பு சொல்லும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 2061 வரை நீடிக்கும், ஒரு நாட்டின் குடிநீரில் பெரும்பங்கைத் தரக்கூடிய ஓர் ஏற்பாடு, நாளொன்றுக்கு எங்கள் ஆலையின் ஒரு லோரிச் சரக்கை விடக் குறைந்த மதிப்பில் புள்ளிவிவரத்தில் ஏறுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் முதலீடு அவ்வளவு சிறியதல்ல. 1990 ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுந்த லிங்கியு அணைக்காகச் சிங்கப்பூர் 30 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தது.

23 பிப்ரவரி 2025

2009 முதல் நான் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை செய்தேன். தொடக்கச் சம்பளம் 1,400 சிங்கப்பூர் வெள்ளி, அன்றைய மாற்றில் ஏறக்குறைய 3,300 ரிங்கிட். பதினேழு ஆண்டு வேலை பார்த்த ஜோகூர் ஆலையில் நான் கடைசியாக வாங்கியது 1,900. அதிகாலை நான்கரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் ஏழு மணிக்குள் போய்விடலாம். முதலீடு ஜோகூருக்கு வந்தது, நான் சிங்கப்பூருக்குப் போனேன். ஆலையை இங்கே தங்க வைத்ததும் என்னை அங்கே இழுத்ததும் ஒரே கூலி வேறுபாடு. ஆனால் ஆலை வந்தபோது அது அந்நிய நேரடி முதலீடு என்று கணக்கில் ஏறியது. நான் போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இதன் எடை 2020 மார்ச் 18 அன்றுதான் தெரிந்தது. அதுவரை நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் கடந்த எல்லை ஒரே இரவில் ஆட்களுக்கு மூடிக்கொண்டது, லோரிகளுக்கு மூடவில்லை. வணிகமும் முதலீடும் தடையின்றித் தொடர்ந்தன என்று அப்போது அறிக்கைகள் வந்தன. நான் கிடங்கின் மாடியில் ஒரு மெத்தையில் ஐந்து மாதம் படுத்திருந்தேன். ஆகஸ்டு 17இல் தொடங்கிய ஏற்பாட்டில், 90 நாளுக்கு மேல் வேலையில் இருந்தவர்கள் விடுப்பில் வீட்டுக்குப் போய்த் திரும்பலாம் என்றார்கள். கீழே கிடங்கில் ஒவ்வொரு காலையும் ஜோகூர் லோரி வந்து நிற்கும். ஓட்டுநரிடம் என் மனைவி கொடுத்தனுப்பிய ஊறுகாய் சுங்கத்தில் பதிவானதா என்று கேட்காதீர்கள்.

24 பிப்ரவரி 2025

திருத்தம். "எந்தக் கணக்கிலும் ஏறவில்லை" என்றது தவறு. விவரம் தெரிந்த ஒருவர் சுட்டிக்காட்டியபடி, எல்லை தாண்டி வேலை செய்து திரும்புகிறவரின் சம்பளம், நாட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே நடக்கும் பணப் பரிமாற்றங்களைப் பதியும் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கில் முதன்மை வருமானம் என்ற தலைப்பில் வருகிறது. ஆக, நான் கணக்கில் இருந்திருக்கிறேன். ஆனால் வணிகம், முதலீடு என்று இரண்டு நெடுவரிசை மட்டும் உள்ள அட்டவணையில் எனக்கு இடமில்லை. நாங்கள் இங்கே ஒரு மாதமாக விவாதிப்பது அந்த இரண்டு நெடுவரிசைகளை மட்டும்தான்.

9 மார்ச் 2025

மலேசியாவில் முதலிடும் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் ஆண்டுதோறும் முன்வரிசையில் இருப்பதைக் காட்டி ஒருவர் பெருமைப்பட்டிருக்கிறார். அந்தப் பணத்தில் எவ்வளவு சிங்கப்பூர்ப் பணம் என்று முதலில் கேட்க வேண்டும். உலக நிறுவனங்கள் வட்டாரத் தலைமையகத்தைச் சிங்கப்பூரில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே அக்கம்பக்கத்தில் முதலிடுகின்றன. டைசன் 2002 முதலே மலேசியாவில் பொருள்களைச் செய்துவந்தது. 2019இல் தலைமையகத்தைப் பிரிட்டனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றுவதாக அறிவித்தது. இப்படித் தலைமையகம் இடம் மாறும்போது, ஆலை அசையாமலேயே முதலீட்டின் ஊர்ப்பெயர் மாறிவிடக்கூடும். பெருநிலச் சீனாவின் பணம், அந்நிய முதலீட்டுக்கான சலுகைக்காக, ஹாங்காங் போய் அந்நிய முதலீடாகத் திரும்பி வந்ததும் இந்த வகைதான். எங்கள் மூடிகள் உட்லண்ட்ஸ் போய்த் திரும்பியது போலப் பணமும் போய்த் திரும்பும். அதற்கு லோரி கூட வேண்டியதில்லை.

புதிய மண்டலத்தில் தகுதியுள்ள நிறுவனங்களுக்கு 15 ஆண்டுகள் வரை 5 விழுக்காடு நிறுவன வரி, அறிவுத்துறை ஊழியர்களுக்குப் பத்து ஆண்டுகள் 15 விழுக்காடு வருமான வரி என்று அறிவித்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிகு வேலைகள் என்பது இலக்கு. இலக்கில் திட்டமும் வேலையும் எண்ணப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்புதல் அளித்த முதலீட்டுத் தொகையை மட்டும் எண்ணுவதைவிட அது மேல். ஒப்புதல் என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும்.

30 மார்ச் 2025

இரண்டு சின்னச் செய்திகள், ஒருவர் விலை வேறுபாட்டுக்கு எடுத்துக்காட்டு கேட்டதால். மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதால், சிங்கப்பூர்க் கார்கள் எல்லை தாண்டும்போது பெட்ரோல் கலம் முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதி 1991இலிருந்து இருக்கிறது. அதற்கு முன் 1989இல் அரைக் கலம். வணிகம் தடையின்றி ஓட வேண்டும் என்று பேசும் அரசு, ஓட்டத்தின் அளவைக் கலத்தில் கோடு போட்டுக் காட்டிய இடம் இது. மற்றொன்று கோழி. உள்நாட்டு விலை ஏறியதும் மலேசியா 2022 ஜூன் 1 முதல் மாதம் 36 லட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழி இறக்குமதியில் ஏறத்தாழ 34 விழுக்காடு அதற்கு முந்தைய ஆண்டு மலேசியாவிலிருந்து வந்தது. உயிருள்ள கறிக்கோழிக்கான தடை அக்டோபரில்தான் விலகியது. அன்று எந்த முதலீட்டு ஒப்பந்தமும் கோழிச் சோற்றுக்கடைக்காரருக்கு உதவவில்லை.

11 மே 2025

தரவு மையங்களைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்து, 2022இல் அளவாகத் திறந்தது. அந்த இடைவெளியில் ஜோகூரின் கூலாய், செடெனாக் பக்கம் நிலம் விலை பேசப்பட்டது. இது எங்கள் ஆலை போன்ற முதலீடு அல்ல. கட்டும்போது கருவிகள் இறக்குமதியாகும். அதன் பிறகு வாசலில் லோரி நிற்காது, காலைச் சங்கு ஊதாது. மின்சாரமும் நீரும் உள்ளே போகும். வெளியே வருவதைச் சுங்கச் சாவடி பார்க்கவே முடியாது. கேள்வி கேட்டவரின் ஐயம் கடைசியில் இங்கேதான் பலிக்கிறது: முதலீடு பெரியது, பாலத்தில் லோரி இல்லை.

விரைவு ரயில் ஓடத் தொடங்கினால் எல்லாம் மாறும் என்பவர்களோடு பாதி உடன்படுகிறேன். ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்து நிமிடம், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை, 2026 இறுதிக்குள் என்கிறார்கள். ஆனால் ஆள் எளிதாகக் கடந்தால் திறமையுள்ள ஆள் ஜோகூரில் 1,900 ரிங்கிட்டுக்கு ஏன் இருப்பான்? ஜோகூருக்கு வரும் ஆலைக்கு ஆள் வேண்டும்; அந்த ஆளை ரயில் அக்கரைக்குக் கொண்டு போகும். கூலி இங்கே உயர்ந்தால் ஆள் தங்குவான், ஆலை யோசிக்கும். கூலி உயராவிட்டால் ஆலை வரும், ஆள் போவான். நிறுவனங்களுக்கு வரியைக் குறைப்பது இந்த முடிச்சைத் தொடவே இல்லை என்பது என் எண்ணம். திறன்மிகு வேலை 20,000 என்ற இலக்கு தொடக்கூடும், சம்பளம் என்னவென்று பார்க்கலாம்.

1 ஜூன் 2025

"அந்த ஆலை இப்போது எங்கே" என்று ஒருவர் கேட்டார். 2008இல் மூடினார்கள். கட்டடம் இப்போது இணையத்தில் வாங்கும் பொருள்களுக்கான பொட்டலக் கிடங்கு.

1993இல் உற்பத்தியைப் பெருக்க ஆறு வார்ப்பு இயந்திரங்கள் சிங்கப்பூரிலிருந்து வந்தன. அங்கே பத்து ஆண்டு ஓடியவை. எண்ணெய் படிந்து, ஒன்றின் கதவு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நிறுவனத்தின் பங்கு மூலதனத்தில் அவை முதலீடாகவும், என் கே-1 படிவத்தில் இறக்குமதியாகவும் ஒரே நாளில் பதிவாயின. முதலீடு கூடினால் வணிகம் குறையுமா என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள மிக நேரடியான சான்று அந்தக் கயிறு கட்டிய இயந்திரம்தான். அது இரண்டுமாக இருந்தது.

மூடும்போது நான்கு பழைய இரும்புக்குப் போயின. இரண்டு, பாத்தாமுக்கு அனுப்புவதற்காக, அச்சுகளோடு சேர்ந்து முதலில் சிங்கப்பூர் போயின. என் கடைசி கே-2 படிவம் அதற்குத்தான் எழுதினேன்: பயன்படுத்திய வார்ப்பு இயந்திரம் இரண்டு, அச்சு முப்பத்தொன்று, சேருமிடம் சிங்கப்பூர். அந்த மாதம் எங்கள் ஆலையின் ஏற்றுமதி மதிப்பு முந்தைய மாதத்தைவிட அதிகம்.